முதலாவது ஒளிவாளுக்கான மின் உறுப்புகளைத் தெரிவு செய்தல்

பாடசாலை நாடகத்துக்கோ ஊர்க் கூத்துக்கோ இருட்டில் ஒளிரும் வாளொன்றைத் தாமே செய்ய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர், முதலில் நகரத்து இலத்திரனியல் கடைக்குப் போய், கண்ணுக்கு அழகாகப் பட்ட எல்ஈடி பட்டியொன்றை வாங்கிக்கொண்டு வந்து, அதற்குப் பொருந்தக்கூடிய பற்றரியை அதன் பிறகே தேடத் தொடங்குகிறார்கள். வாங்கிய பட்டி 12 வோல்ற்றில் எரிவதாகவும் பற்றரி 3.7 வோல்ற் தருவதாகவும் இருந்துவிட்டால், இடையில் வைப்பதற்கு, வோல்ற்றளவைக் கூட்டுகிற மின்சுற்றுப் பலகை ஒன்று தேவைப்படுகிறது. அந்தப் பலகை சூடாகிறது. பிடிக்குள் இடமும் போதாமல் போகிறது. இவ்வளவு சிரமத்தையும் வீட்டிலிருந்தே ஒரு கடதாசியும் பென்சிலும் கொண்டு தவிர்த்துக்கொள்ளலாம். வாள் ஒளிரும்போது எவ்வளவு மின்னோட்டத்தை எடுக்கிறது என்ற ஒரே எண்ணை முதலில் கணித்துக்கொண்டால், பற்றரி, ஆளி, வயர், உருகி ஆகிய அனைத்தையும் அந்த எண்ணை வைத்தே தெரிவு செய்துவிடலாம் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

சாதாரணதர விஞ்ஞானத்தில் ஓமின் விதியைப் படித்த, ஆனால் சோல்டர் இரும்பை இதுவரை கையில் எடுக்காத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுகிற வாள் கையில் ஏந்துவதற்கும் வீசிக் காட்டுவதற்கும் உரியது. ஒன்றோடொன்று மோதி அடிபடுகிற வாளுக்கு அலகின் கனமும் பொருத்துகளும் வேறு வகையாக அமைய வேண்டும்; முதல் முயற்சியில் அதைத் தொட வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் விடை காண வேண்டிய கேள்விகள்

பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள், வாள் மொத்தமாக எத்தனை நிமிடம் எரிய வேண்டும், அதை ஏந்தப் போகிறவர் யார் என்பவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வீரசிங்கம் மண்டபம் போன்ற மூடிய மண்டபத்தில், மேடை விளக்குகளை அணைத்துவிட்டு ஆடுகிற காட்சிக்கு மிதமான ஒளியே தாராளம். கோவில் வீதியில் மின்பிறப்பாக்கியின் விளக்குகள் முழுதாக எரிந்துகொண்டிருக்க ஆடுகிற இரவுக் கூத்தில், எவ்வளவு பிரகாசமான வாளும் வெளிறித்தான் தெரியும். அவ்வாறான இடத்தில் வாளுக்குள் மேலும் மேலும் எல்ஈடிகளைத் திணிப்பதைவிட, வாள் வருகிற காட்சிக்கு மட்டும் விளக்குகளைக் குறைத்துத் தரும்படி மேடைப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்வதே நல்ல வழி. அதனால் பற்றரியும் மிச்சப்படும், காட்சியும் எடுபடும்.

நிறத்தையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். மனிதக் கண் பச்சை ஒளிக்கே, குறிப்பாக 555 நனோமீற்றரை அண்டிய அலைநீளத்துக்கே, மிகக் கூடுதலாக உணர்ச்சி காட்டுகிறது. ஆகவே ஒரே மின்னோட்டத்தில் எரிகிற பச்சை வாள், நீல வாளையும் சிவப்பு வாளையும்விடப் பிரகாசமாகத் தோன்றும். மஞ்சள் சாயலுள்ள விளக்குகளின் கீழே செம்மஞ்சள் வாள் அமுங்கிப் போகும். நீலம் தனித்துத் தெரியும். சிவப்புக்கு வேறொரு சிறப்பு உண்டு. சிவப்பு எல்ஈடி ஏறக்குறைய 2 வோல்ற்றிலேயே எரியத் தொடங்குகிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறக்குறைய 3 முதல் 3.4 வோல்ற் வரை வேண்டும். பற்றரி இறங்கிக்கொண்டு போகிறபோது கடைசிவரை தாக்குப்பிடிப்பது சிவப்பே.

ஒளி தரும் உறுப்பு

ஒளிவாளுக்கு ஒளியூட்டுவதற்கு நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, 5 மில்லிமீற்றர் எல்ஈடிகளைத் தனித்தனியாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையியைத் தொடுத்து, அலகு நெடுக அடுக்குவது. இதில் மின்னியலை நன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்றாலும், 75 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நாற்பது ஐம்பது எல்ஈடிகளைச் சோல்டர் செய்ய வேண்டிவரும். ஒரு மூட்டு விட்டுப்போனாலும் அலகின் நடுவில் ஓர் இருட்டுப் புள்ளி விழுந்துவிடும்.

இரண்டாவது, பிடியின் வாயில் 3 வாற்று வலுவுள்ள ஒற்றை எல்ஈடியை வைத்து, அதன் ஒளியைக் குழாய்க்குள் மேல்நோக்கிச் செலுத்துவது. அலகுக்குள் வயரே இல்லாதபடியால் அது பாரமின்றியும் உறுதியாகவும் இருக்கும். ஆயினும் இந்த எல்ஈடி 700 மில்லி அம்பியர் எடுத்துக்கொண்டு கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினியத் தாங்கி வேண்டும். நாம் பிடிக்குப் பயன்படுத்தப் போகிற எஸ்லோன் (பிவிசி) குழாய் சூட்டைக் கடத்தாது. ஆகவே அலுமினியப் பிடி கடைந்து எடுக்கக்கூடியவர்களுக்கே இந்த வழியைச் சொல்வேன்.

மூன்றாவது, 5 வோல்ற் எல்ஈடி பட்டி. முதலாவது வாளுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது இதையே. ஒவ்வோர் எல்ஈடிக்கும் உரிய தடையி பட்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, கத்தரிக்கோலால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், பின்புறத்தில் ஒட்டும் பசையும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் ஒட்டுவதற்காக யுஎஸ்பி முனையோடு விற்கிற பட்டிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. நகரத்துக் கைத்தொலைபேசி உதிரிப்பாகக் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம். அவற்றுள் நிறம் மாறுகிற வகையை வாங்கினால் ஒரு வசதி உண்டு. அதன் நுனியில் நான்கு செப்புப் பட்டைகள் இருக்கும்: ஒன்று பொதுவான நேர்முனை, மற்றைய மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் எதிர்முனைகள். கூடவே வருகிற சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு, விரும்பிய நிறத்தின் பட்டையை மட்டும் பற்றரியின் எதிர்முனையோடு இணைத்தால் வாள் அந்த ஒரு நிறத்தில் எரியும். பல நிலைத் தெரிவு ஆளி ஒன்றைப் பொருத்தினால், எந்த நிரலும் எழுதாமலே மூன்று நிறங்களில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். நாயகனின் வாள் ஒரு நிறத்திலும் எதிரியின் வாள் இன்னொரு நிறத்திலும் எரிய வேண்டிய நாடகத்துக்கு, ஒரே மாதிரியாக இரண்டு வாள்களைச் செய்து நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வது எளிது.

நான்காவது, ஒவ்வோர் எல்ஈடியும் தனித்தனியே கட்டளை பெறுகிற பட்டி. டபிள்யூஎஸ் 2812 பி என்பது அவற்றில் பரவலாகக் கிடைப்பது. ஒளி பிடியிலிருந்து நுனிவரை ஓடிப் பரவுகிற காட்சி இதனால்தான் முடிகிறது. ஆனால் அதற்கு ஆடினோ நனோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையும் நிரலும் தேவை. அதை இரண்டாவது வாளுக்கு விட்டுவைப்பது நல்லது; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

12 வோல்ற் பட்டிகள் இங்கே மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கின்றன. வாகனம் அலங்கரிப்பவர்களும் வீட்டுக் கூரைக்கு விளக்குப் போடுபவர்களும் வாங்குவது அதைத்தான். வாளுக்கு ஏன் அது பொருந்தாது என்பதைக் கணக்கே காட்டும்.

மின்னோட்டக் கணக்கு

75 சென்ரிமீற்றர் அலகுக்கு, மீற்றருக்கு 60 எல்ஈடி உள்ள 5 வோல்ற் பட்டியை எடுத்துக்கொள்வோம். வாளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒளி தெரிய வேண்டும் என்றால், முதுகோடு முதுகாக இரண்டு பட்டிகள் வேண்டும். ஒரு பக்கத்துக்கு 45 எல்ஈடி, இரு பக்கத்துக்கும் 90. ஒரு நிறத்தில் எரிகிற ஓர் எல்ஈடி ஏறக்குறைய 20 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று கொண்டால், 5 வோல்ற்றில் மொத்தம் 1.8 அம்பியர் வருகிறது. பட்டிக்குப் பட்டி இது சற்றுக் கூடிக் குறையும் என்பதால், இதைக் கொள்வனவுக்கான மதிப்பீடாக வைத்துக்கொண்டு, பிறகு பல்மானியால் (மல்ரிமீற்றரால்) அளந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டிக்கு 5 வோல்ற்றையே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனி லிதியம் கலம் ஒன்று முழுதாக மின்னேறியதும் 4.2 வோல்ற் தருகிறது. பாவிக்கிற நேரத்தில் பெரும்பகுதி 4 முதல் 3.6 வோல்ற் வரை நிற்கிறது. நீல எல்ஈடிக்கு 3 வோல்ற் போக, 5 வோல்ற்றில் தடையிக்கு எஞ்சுவது 2 வோல்ற். 4 வோல்ற்றில் எஞ்சுவது 1 வோல்ற். தடையி மாறாதிருக்க வோல்ற்றளவு பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும் என்பது ஓமின் விதி. ஆகவே அதே 90 எல்ஈடிகளும் 4 வோல்ற்றில் ஏறக்குறைய 0.9 அம்பியர் மட்டுமே எடுக்கும். மின்னோட்டம் பாதியாகக் குறைந்ததை நம்முடைய கண் அவ்வளவு பெரிய குறைவாக உணர்வதில்லை. இருட்டிய மேடையில் அந்த ஒளி போதும். கலத்தை நேரடியாகப் பட்டியோடு இணைத்துவிடலாம் என்றால், வோல்ற்றளவைக் கூட்டுகிற பலகையே தேவைப்படாது. பிடிக்குள் ஓர் உறுப்புக் குறைந்தால், சூடாகிற இடம் ஒன்றும் பழுதாகிற இடம் ஒன்றும் சேர்ந்தே குறைகின்றன.

இப்போது 12 வோல்ற் பட்டியைப் பாருங்கள். மீற்றருக்கு 60 எல்ஈடி உள்ள, 5050 என்ற அளவு எல்ஈடிகளைக் கொண்ட பட்டி, மீற்றருக்கு 14.4 வாற்று எடுக்கிறது. முக்கால் மீற்றருக்கு 10.8 வாற்று. ஒற்றை லிதியம் கலத்தின் 3.7 வோல்ற்றை 12 ஆக உயர்த்துகிற பலகை, 85 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும், கலத்திலிருந்து 3.4 அம்பியருக்கு மேல் எடுக்கும். கலத்தைக் காப்பதற்கு நாம் பயன்படுத்தப் போகிற பாதுகாப்புப் பலகையோ (அதைப் பின்னால் சொல்கிறேன்) ஏறக்குறைய 3 அம்பியரில் மின்னைத் துண்டித்துவிடும். வாள் எரியும், அணையும், மறுபடி எரியும். அதன் காரணம் புரியாமல் செய்தவர் திகைத்து நிற்பார். அதைத் தவிர்க்க மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால், அவற்றைச் சமமாக மின்னேற்றுவதற்குத் தனிப் பலகை வேண்டும், பிடியும் நீளும்.

பற்றரி

9 வோல்ற் சதுரப் பற்றரியை வாங்காதீர்கள். புகை உணர்கருவிக்கும் பல்மானிக்கும் உரிய அந்தப் பற்றரியின் உட்தடை அதிகம், கொள்ளளவோ நல்ல அல்கலைன் வகையில்கூட 500 மில்லி அம்பியர் மணி அளவுதான், அதாவது 500 மில்லி அம்பியரை ஒரு மணித்தியாலம் கொடுக்கிற அளவு. 0.9 அம்பியரை அதனிடம் கேட்டால் அதன் வோல்ற்றளவு உடனே சரிந்துவிடும்.

பாடசாலை மாணவர் செய்கிற வாளுக்கு, நாம் பென்ரோச் பற்றரி என்று சொல்கிற ஏஏ அளவில் வருகிற, மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் கலங்கள் நான்கையே நான் விரும்புவேன். ஒன்று 1.2 வோல்ற் வீதம் நான்கும் சேர்ந்து 4.8 வோல்ற் தருகின்றன. நமக்கு வேண்டிய மின்னோட்டத்தைச் சிரமமின்றிக் கொடுக்கின்றன. லிதியம் கலம்போல இலகுவில் தீப்பற்றுவதில்லை. இந்த வோல்ற்றளவில் நமது பட்டி ஏறக்குறைய 1.6 அம்பியர் எடுக்கும். 2000 மில்லி அம்பியர் மணிக் கலங்கள் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கும் சற்று மேலாக எரியும்; ஒரு நாடகத்துக்கு அது போதும். ஒருமுறை மட்டும் பாவிக்கிற அல்கலைன் கலங்களை வைப்பதானால் மூன்றை மட்டும் வைத்து, ஒரு பக்கப் பட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடிய மின்னோட்டத்தில் அவற்றின் கொள்ளளவு பெரிதும் குறைந்துவிடும்.

வளர்ந்தவர்களுக்கு 18650 வகை லிதியம் கலம் நல்ல தெரிவு. பெயரில் உள்ள இலக்கமே அதன் அளவு: விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர். நல்ல கலங்களின் கொள்ளளவு ஏறக்குறைய 2000 முதல் 3500 மில்லி அம்பியர் மணி வரை இருக்கும். நமது 0.9 அம்பியர் வாள், 2500 மில்லி அம்பியர் மணிக் கலத்தில் கணக்குப்படி இரண்டே முக்கால் மணித்தியாலம் எரிய வேண்டும். நடைமுறையில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலத்தை வாங்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். மேலுறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்றெல்லாம் அச்சடித்த கலங்கள் விற்பனைக்கு வருகின்றன. இந்த அளவில் அவ்வளவு கொள்ளளவுள்ள கலம் எதுவும் இல்லை. அப்படி அச்சடித்தவர் மற்ற எதிலும் உண்மை சொல்லியிருப்பார் என்று நம்ப இடமில்லை. நிறுத்துப் பார்ப்பது எளிய சோதனை: நல்ல 18650 கலம் ஏறக்குறைய 45 முதல் 49 கிராம் வரை இருக்கும். முப்பது கிராம் மட்டில் நிற்கிற கலத்துக்குள்ளே இருப்பது சிறிய கலமாக இருக்கலாம். தெரிந்த நகைக்கடையிலோ பலசரக்குக் கடையிலோ இலத்திரனியல் தராசில் ஒருமுறை வைத்துப் பார்க்கக் கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்துக் கலம் எடுக்கிற வழக்கமும் நம்மிடையே உண்டு. உடைக்கும்போது உலோகக் கருவி பட்டு மின் குறுக்கிட்டாலோ, நெடுநாள் முற்றாக இறங்கிக் கிடந்த கலத்தைத் திரும்ப மின்னேற்றினாலோ தீவிபத்து ஏற்படலாம். முதலாவது வாளைச் செய்கிறவர் அதைச் செய்யவே கூடாது.

கலத்தில் நேரடியாகச் சோல்டர் செய்வதும் ஆபத்து. அந்தச் சூடு கலத்தின் உள்ளமைப்பைக் கெடுக்கும். வில்லுள்ள கலந்தாங்கி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்.

பாதுகாப்பும் மின்னேற்றமும்

லிதியம் கலத்தை 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடுவதும் நல்லதல்ல. டிபி 4056 என்ற இலக்கமுள்ள சிறிய பலகை முதலாவது வேலையைச் செய்கிறது: யுஎஸ்பி வழியாக வருகிற 5 வோல்ற்றை எடுத்து, 1 அம்பியர் வரையிலான மின்னோட்டத்தில் கலத்தை 4.2 வோல்ற் வரை மின்னேற்றி நிறுத்திவிடும். இந்தப் பலகை இரு வகையாக வருகிறது. கடையில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கலாம். கலத்தை இணைக்கிற இரண்டு முனைகள் மட்டும் உள்ள வகை மின்னேற்ற மட்டுமே செய்யும். கலத்துக்கு இரண்டு முனைகளும், வெளிச்சுற்றுக்குத் தனியாக இரண்டு முனைகளும் உள்ள வகையில் பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்திருக்கிறது. கலம் அளவுக்கு மீறி இறங்கினாலும், வயர்கள் முட்டிக்கொண்டாலும் மின்னைத் துண்டிப்பது அந்தப் பாதுகாப்புச் சுற்றே. இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல், பலகையைக் கையில் எடுத்து, வெளிச்சுற்றுக்கான முனைகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

பட்டியின் இரு வயர்களும் வெளிச்சுற்று முனைகளிலேயே இணைய வேண்டும். எதிர்முனை எங்கே இணைந்தால் என்ன என்று கருதி, பட்டியின் கறுப்பு வயரைக் கலத்தின் எதிர்முனையோடு இணைத்துவிட்டால், பாதுகாப்புச் சுற்று எதிர்முனைப் பக்கத்திலேயே துண்டிக்கிறது என்பதால் பாதுகாப்பு முழுவதும் பயனற்றுப் போகும். வாள் வழமைபோல எரியும் என்பதால் இந்தப் பிழை கண்ணுக்கும் படாது.

மின்னேறுகிற நேரத்தில் வாளை எரிய விடாதீர்கள். கலம் நிறைந்துவிட்டதா என்பதைப் பலகை சரியாகக் கணிக்க மாட்டாது. மின்னேறும்போது பலகை நன்றாகச் சூடாகும் ஆகையால், பிடிக்குள் அது கலத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. நமது பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்து மின்னேற்றுவதும் வேண்டாம். நிழலான இடத்தில், சீமெந்து நிலத்தில், ஆள் விழித்திருக்கிற நேரத்தில் மின்னேற்றுங்கள்.

ஆளி, உருகி, வயர்

இவை மூன்றையும் நமது எண்ணே தீர்மானித்துவிடுகிறது. 0.9 அம்பியர் எடுக்கிற சுற்றுக்கு 2 அம்பியர் உருகியைக் கலத்தின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அது பாதுகாப்புப் பலகையின் 3 அம்பியருக்கும் கீழே நிற்கிறது. நிக்கல் கலங்களோடு செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பலகை இல்லாதபடியால் உருகி இன்னும் முக்கியம், அவர்களுடைய 1.6 அம்பியருக்கு 3 அம்பியர் உருகி பொருத்தம். விளையாட்டுப் பொருள்களில் வருகிற சிறிய இழுப்பு ஆளிகள் பெரும்பாலும் அரை அம்பியர் அளவுக்கே உரியவை, ஆகவே அவற்றைத் தவிர்த்து, 3 அல்லது 6 அம்பியர் என்று உடலிலேயே பொறித்த தட்டு ஆளியை வாங்குங்கள். அழுத்து ஆளி வேண்டுமென்றால், ஒருமுறை அழுத்தினால் எரிந்து, மறுமுறை அழுத்தினால் அணைகிற வகைதான் தேவை. விரலை எடுத்ததும் அணைகிற வகையும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் என்பதால், கடையிலேயே அழுத்திப் பாருங்கள். வயர் 0.5 சதுர மில்லிமீற்றர் அளவில், பல நுண்கம்பிகள் முறுக்கியதாக இருக்க வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் எஞ்சிய ஒற்றைக் கம்பி வயர், வாளை வீசுகிறபோது மடிந்து மடிந்து முறிந்துவிடும்.

அலகுக்கும் பிடிக்கும் உரிய குழாய்

பொலிகாபனேற்றுக் குழாய் வளையுமே தவிர இலகுவில் உடையாது. அக்கிரிலிக் குழாய் அடிபட்டால் கூரிய துண்டுகளாகச் சிதறும். தெளிந்த குழாயை இங்கே கடை கடையாகத் தேடுவதைவிட, பழுதாகி எறிந்த எல்ஈடி ரியூப் லைற்றைப் பயன்படுத்துவது எனக்கு மிகவும் பிடித்த வழி. ரி 8 அளவு ரியூப்பின் விட்டம் 26 மில்லிமீற்றர். பால்போல் மங்கலான பிளாஸ்ரிக் உறையுள்ள வகை ஒளியைச் சீராகப் பரப்பவும் செய்கிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எல்ஈடி ரியூப்களிலும் கண்ணாடியால் ஆனவை இருக்கின்றன. விரல் நகத்தால் தட்டிப் பார்த்தால் ஓசையே சொல்லிவிடும், கண்ணாடி என்றால் விட்டுவிடுங்கள். பழைய ஒளிர்குழாயை, அதாவது உள்ளே வெள்ளைப் பூச்சுள்ள கண்ணாடி ரியூப்பை, எக்காரணம் கொண்டும் வெட்டவோ உடைக்கவோ கூடாது. அதற்குள் பாதரச ஆவி இருக்கிறது. எல்ஈடி ரியூப்பாக இருந்தாலும், 230 வோல்ற்றில் வேலை செய்த பலகை அதற்குள் இருப்பதால், இணைப்பிலிருந்து கழற்றிச் சில மணித்தியாலம் வைத்த பிறகே திறந்து, உள்ளே உள்ளவற்றை எடுத்துவிட வேண்டும்.

பட்டியின் பின்புறப் பசை நமது வெப்பத்தில் இளகி, பட்டி குழாய்க்குள் சரிந்துவிடும். ஆகவே பட்டம் கட்டுவதற்குச் சீவுவது போல மெல்லிய மூங்கில் சிலாகை ஒன்றைச் சீவி, அதன் இருபுறமும் பட்டிகளை ஒட்டி, இடையிடையே நூலால் கட்டிவிடுங்கள். பிறகு அதன் மேல் பொதிகளில் வருகிற மெல்லிய வெள்ளை நுரைத்தாளை ஒரு சுற்றுச் சுற்றினால், புள்ளிபுள்ளியாகத் தெரிகிற ஒளி ஒன்றாகக் கலந்து, அலகு முழுதும் ஒரே தண்டாக ஒளிரும். சிலாகையும் குழாய்க்குள் ஆடாமல் நிற்கும். இரு பட்டிகளையும் நுனியில் மடிக்காமல் சிறு வயர்களால் இணைத்து, பிடிப் பக்கத்தில் இரண்டுக்கும் மின்னைக் கொடுங்கள். பட்டியை மடித்தால் உள்ளே உள்ள செப்புத்தடம் வெடித்துவிடும்.

பிடிக்குரிய எஸ்லோன் குழாயை வாங்கப் போகும்போது, கலந்தாங்கியையும் ஆளியையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே உள்ளே விட்டுப் பாருங்கள். நான்கு பென்ரோச் கலங்களை இரண்டிரண்டாக அடுக்குகிற தாங்கிக்கு 18650 கலந்தாங்கியைவிட அகலமான குழாய் வேண்டும். ஆகவே பிடியின் அளவைத் தீர்மானிப்பதும் பற்றரியே.

வாங்குகிற ஒழுங்கும் மேசைச் சோதனையும்

முதலில் பட்டியும், கலந்தாங்கியும், கலமும், ஒரு சாதாரண பல்மானியும் போதும். நகரத்தில் கிடைக்காதவற்றைக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருக் கடைகளிலிருந்து எடுப்பிக்கலாம். கலத்தை மட்டும் இயலுமானவரை நேரில் பார்த்து வாங்குங்கள். பட்டியை வெட்டி, மேசையில் வைத்து, பல்மானியை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, சுற்றுக்குத் தொடராக இணைத்து அளவெடுங்கள். அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ற்றளவுத் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே கலத்தின் வோல்ற்றளவைப் பார்க்க முனைந்தால் பல்மானி கலத்தின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்துக் குறுக்கிட்டுவிடும். அளந்த எண் உங்கள் கடதாசிக் கணக்குக்குக் கிட்ட இருந்தால், அதன் பிறகு ஆளி, உருகி, பலகை ஆகியவற்றை வாங்குங்கள். இரண்டு மடங்காக இருந்தால், மூன்று நிறங்களும் ஒன்றாக எரிகின்றனவா, பட்டி நீங்கள் நினைத்த வகைதானா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் இணைந்த பிறகு, குழாய்க்குள் வைக்காமல் இருபது நிமிடம் எரிய விட்டு, கலம், பலகை, ஆளி, பட்டியின் அடி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். பிறகு குழாய்க்குள் வைத்து மூடி, இன்னோர் இருபது நிமிடம் எரிய விடுங்கள். மூடிய குழாயிலிருந்து சூடு வெளியேறுவதில்லை என்பதால் இரண்டாவது சோதனையே உண்மையைச் சொல்லும். கை வைக்க முடியாத அளவுக்கு எதுவும் சூடாகக்கூடாது. கடைசியாக, மேடையில் வீசப் போகிற வேகத்தில் வீசிப் பாருங்கள். ஒளி கணநேரம் வெட்டி மறைந்தால், கலம் தாங்கியின் வில்லை விட்டு அசைகிறது என்று பொருள். கலத்தைச் சுற்றி நுரைத்தாள் வைத்து இறுக்கினால் சரியாகிவிடும்.

இரண்டாவது வாளுக்கு விட வேண்டியவை

ஒளி ஓடுகிற பட்டி, அசைவை உணர்கிற எம்பியூ 6050, ஒலி எழுப்புகிற டிஎப் பிளேயர் மினி ஆகியவை நல்ல உறுப்புகள்தான். ஆனால் டபிள்யூஎஸ் 2812 பி பட்டியில் ஓர் எல்ஈடி முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை எடுக்கும். நமது 90 எல்ஈடிக்கு அது 5.4 அம்பியர். நிரலில் ஒரு சிறு பிழையால் வாள் முழுதும் வெள்ளையாகிவிட்டால், நாம் இதுவரை தெரிந்த உருகி, ஆளி, பலகை எதுவும் அதைத் தாங்காது. அத்துடன் மேலே சொன்னபடி கலம் ஒருகணம் அசைந்தால், சாதாரணப் பட்டி கண் சிமிட்டுவதோடு நிற்கும். நுண்கட்டுப்படுத்தியோ நிரலை முதலிலிருந்து தொடங்கும். இணைப்புகளை உறுதியாகச் செய்யக் கற்ற கைக்கே அவை பொருந்தும். நிக்கல் கலங்கள் நான்கையும் அந்தப் பட்டியோடு அப்படியே இணைக்கவும் கூடாது. புதிதாக மின்னேறியதும் அவற்றின் மொத்த வோல்ற்றளவு 5.5ஐத் தாண்டும், அந்தப் பட்டியின் எல்லையோ 5.3 வோல்ற்.

மேடை நாளில்

திறந்தவெளி மேடை என்றால் பனியும் மாரி மழையும் பிடியின் பொருத்துக்குள் இறங்கும். ஆளியைச் சுற்றியும் அலகு பிடிக்குள் நுழைகிற இடத்திலும் மின்காப்பு ரேப்பை இறுக்கச் சுற்றிவிடுங்கள். கரையோர ஊர்களில் உப்புக்காற்று தாங்கியின் வில்களில் பச்சை பிடிக்கச் செய்யும் என்பதால், ஆட்டத்துக்கு முதல்நாள் அவற்றை மெல்லிய மணற்கடதாசியால் ஒருமுறை தேய்த்துக்கொள்ள வேண்டும். மின்னேற்றிய மாற்றுக் கலம் ஒன்று திரைக்குப் பின்னால் நிற்பவரிடம் இருக்கட்டும். அதை நாணயங்களோடோ திறப்புக்கோர்வையோடோ சட்டைப்பையில் போடாமல், பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து வாளை அடுத்த நிகழ்வுவரை எடுத்து வைப்பதானால், கலத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி, லிதியம் கலமானால் 3.7 அல்லது 3.8 வோல்ற் அளவில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள்.